வேலியா, தூரமா? ஒரு குதிரைப் பயிற்சியாளரின் கணக்கு

குதிரைப் பந்தயம் என்றதும் பணயமும் சூதும் பலர் நினைவுக்கு வரும். பணம் கட்டும் வழியைச் சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஒருவருடைய திறமையை எண்களைக் கொண்டு எவ்வாறு மதிப்பிடுவது என்னும் பாடத்திற்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆதலால் அதனை எடுத்துக்கொண்டேன்.

தடாவில் இரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் நம்மவர், குதிரைப் பந்தயம் என்றால் கிண்டியை நினைப்பர். அங்கே நாம் கேட்டறிந்தது சமதள ஓட்டம். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அதனோடு தாண்டும் பந்தயங்களும் உண்டு. அவை இரு வகைப்படும். ஒன்று ஹர்டில் எனப்படும் தட்டிப் பந்தயம். தட்டி ஏறத்தாழ 3½ அடி உயரம். குதிரையின் கால் பட்டால் சாய்ந்து கொடுக்கும். மற்றொன்று ஸ்டீப்பிள்சேஸ் எனப்படும் வேலிப் பந்தயம். வேலி பொதுவாக 4½ அடிக்குக் குறையாதது, கெட்டியானது, பிழையாகத் தாண்டினால் குதிரையும் வீரனும் விழ நேரும். பெரும்பாலான குதிரைகள் முதலில் தட்டியில் பழகிப் பின்னர் வேலிக்குச் செல்லும். எந்தக் குதிரையை எப்போது வேலிக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர் பயிற்சியாளர். அம்முடிவு தவறினால் குதிரையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு பயிற்சியாளர் தட்டியில் வல்லவரா, வேலியில் வல்லவரா என்ற கேள்வி வீண் கேள்வியன்று.

இனி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் லாம்போர்ன் என்னும் ஊரில் குதிரைகளைப் பழக்கும் நிக்கி ஹெண்டர்சன் 1978 முதல் இத்தொழிலில் இருப்பவர். செல்டன்ஹம் என்னும் ஊரில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் நடக்கும் விழாவின் தலையாய பந்தயங்கள் நான்கில், 2025 முடிய அவர் பெற்ற வெற்றிகள் இவை:

சாம்பியன் ஹர்டில் (தட்டி, ஏறத்தாழ 2 மைல்): சீ யூ தென் 1985, 1986, 1987, பஞ்சாபி 2009, பினாக்குலர் 2010, புவேர் டெய்ர் 2017, 2018, எபடான்ட் 2020, கான்ஸ்டிடியூஷன் ஹில் 2023. ஆக 9.

ஸ்டேயர்ஸ் ஹர்டில் (தட்டி, ஏறத்தாழ 3 மைல்): ரஸ்ல் 1989, பக்கனால் 2000. ஆக 2.

சாம்பியன் சேஸ் (வேலி, ஏறத்தாழ 2 மைல்): ரெமிட்டன்ஸ் மேன் 1992, ஃபினியன்ஸ் ரெயின்போ 2012, ஸ்பிரிண்டர் சாக்ரே 2013, 2016, ஆல்டியோர் 2018, 2019. ஆக 6.

கோல்ட் கப் (வேலி, 3¼ மைலுக்குச் சற்று மேல்): லாங் ரன் 2011, பாப்ஸ் வொர்த் 2013. ஆக 2.

அவசரமாகப் பார்ப்பவர் என்ன சொல்வார்? இவ்விரு வகைகளிலும் பெயர் பெற்றவை சாம்பியன் ஹர்டிலும் கோல்ட் கப்பும். முன்னதில் 9, பின்னதில் 2. போதாக்குறைக்கு, 30 வேலிகளை உடைய கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் 2025 வரை அவருக்கு ஒரு வெற்றியும் இல்லை. எனவே, "இவர் தட்டிக்கு ஏற்றவர், வேலி இவருக்கு வராது" என்று தீர்ப்பு வழங்கிவிடுவார்.

நான்கு எண்களையும் கூட்டிப் பார்ப்போம். தட்டியில் 9-உம் 2-உம் சேர்ந்து 11. வேலியில் 6-உம் 2-உம் சேர்ந்து 8. வேறுபாடு உண்டு, ஆனால் பெரிதன்று. இப்போது அதே எண்களைத் தூரத்தால் பிரிப்போம். 2 மைலில் 9-உம் 6-உம் சேர்ந்து 15. 3 மைலிலும் அதற்கு மேலும் 2-உம் 2-உம் சேர்ந்து 4. பெரிய பிளவு இங்கேதான் இருக்கிறது! வேலி அவரைத் தடுக்கவில்லை. நெடுந்தூரத்தில்தான் வெற்றி அருகிவிட்டது. கிராண்ட் நேஷனல் 4¼ மைலுக்கும் மேற்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், அங்குள்ள வெறுமையும் இக்கணக்கிற்குப் பொருந்துகிறது.

"ஒரே குதிரை மூன்று முறை வென்றால், அது பயிற்சியாளர் திறமையா, குதிரையின் திறமையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெற்றிகளை விடுத்து, வென்ற குதிரைகளை மட்டும் எண்ணுவோம். முன் சொன்ன வரிசைப்படி 6, 2, 4, 2. தட்டிக்கு 8, வேலிக்கு 6. குறுந்தூரத்திற்கு 10, நெடுந்தூரத்திற்கு 4. பிளவு சுருங்கினாலும் இடம் மாறவில்லை.

மற்றொருவரோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். அயர்லாந்தின் வின்சென்ட் ஓ'பிரையன் கோல்ட் கப்பை 1948, 1949, 1950, 1953 ஆகிய ஆண்டுகளிலும், சாம்பியன் ஹர்டிலை 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். 1953, 1954, 1955 என்று தொடர்ந்து மூன்றாண்டுகள் மூன்று வெவ்வேறு குதிரைகளைக் கொண்டு கிராண்ட் நேஷனலையும் வென்றார். சாம்பியன் சேஸ் வெற்றி அவர் பட்டியலில் இல்லை. அது குறையா? அப்பந்தயம் தொடங்கப்பட்டதே 1959-இல்தான். அக்காலத்தில் அவர் சமதளப் பந்தயங்களுக்கு மாறிக்கொண்டிருந்தார். வாய்ப்பில்லாத இடத்தில் வெற்றி இல்லையென்று குறை கூறுதல் தகாது.

இவற்றிலிருந்து மூன்று விதிகளைக் கொள்ளலாம். முதலாவது, ஒரு வகையாகப் பிரித்துப் பார்த்ததோடு நிறுத்தாமல் வேறு வகையாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வாய்ப்பு இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். மூன்றாவது, வெற்றியை முயற்சியின் எண்ணால் வகுக்க வேண்டும். 50 குதிரைகளை ஓட்டி 5 வெற்றி பெற்றவரைவிட, 10 குதிரைகளை ஓட்டி 2 வெற்றி பெற்றவரின் வீதம் இரு மடங்கு. ஆனால் எண்ணிக்கை சிறிதாயின் ஒரே ஒரு வெற்றி அவ்வீதத்தைப் பெரிதும் மாற்றிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

தோழர்களே! இப்பாடம் குதிரைகளோடு முடிவதன்று. தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தமிழ் வழி பயின்றோர், ஆங்கில வழி பயின்றோர் என்று பிரித்து, முன்னவர்க்குத் திறமை போதாது என்று சொல்லும் வழக்கம் எங்கும் உண்டு. மொழியை வேலியாகக் கருதும் தீர்ப்பு அது. அதே பட்டியலை விடுதியில் தங்கிப் படிப்போர், விடியலில் எழுந்து தொலைவிலிருந்து இரயிலில் வந்து இருட்டிய பின் வீடு திரும்புவோர் என்று பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் யார் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்? விடை எதுவாகவும் இருக்கலாம். கேட்காமலே தீர்ப்புக் கூறுவதுதான் பிழை. அடுத்த முறை நம்மைப் பற்றிய ஒரு பட்டியல் கைக்கு வரும்போது, ஒரு தாளை எடுத்து அதனை மற்றொரு வகையிலும் பிரித்து எழுதிப் பாருங்கள். வேலி என்று சொல்லப்படுவது உண்மையில் தூரமாக இருக்கலாம். தூரம் என்றால் அதனைக் குறைக்க வழி தேடலாம்.