சுருள்கயிறு: நாய் வளர்ப்போர்க்கு ஒரு வழிகாட்டி

என் இடது கெண்டைக்காலில், முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே, பென்சிலால் கோடு கிழித்தாற்போன்ற மெல்லிய வெண்தழும்பு ஒன்று உண்டு. ஒரு மாலைவேளையில் அடுத்த வீட்டு நண்பரோடு மைதானத்தில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது, அவர் கையிலிருந்த சுருள்கயிற்றின் மறுமுனையில் அதுவரை சாவதானமாகப் புல்லை முகர்ந்துகொண்டிருந்த அவரது நாய், மரத்தைவிட்டு இறங்கிய அணில் ஒன்றைக் கண்டு, என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாய்ந்ததன் விளைவு அது. கிணற்றில் வாளியை நழுவவிட்டவர்களுக்கு உள்ளங்கையில் தாம்புக்கயிறு உராய்ந்து ஓடும் எரிச்சல் தெரிந்திருக்கும். அதே எரிச்சலைத்தான் அன்று என் கால் கண்டது. “ஒன்றும் செய்யாது சார், பரம சாது” என்று சற்றுமுன்தான் நண்பர் சொல்லியிருந்தார், அது பொய்யுமன்று. நாய் சாதுதான், கருவியிலும் யாதொரு பழுதும் இல்லை. இத்தகைய கயிற்றை வாங்குகிறவர்களில் அநேகர் அதைக் கையாளும் முறையைக் கற்றுக்கொள்வதே இல்லை என்பது, அந்த விபத்தைப் பற்றிப் பின்னர் யோசித்தபோதுதான் எனக்குப் புலனாயிற்று. அம்முறையைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் இயல்பு

கடைகளில் ‘ரிட்ராக்டபிள் லீஷ்’ என்று கேட்டால் எடுத்துத் தரப்படும் இக்கருவி, தச்சர்கள் இடுப்பில் செருகிவைத்திருக்கும் இரும்பு அளவுநாடாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஓர் உருளை. அதனோடு பிணைந்த தட்டையான சுருள்வில். நாய் விலகிச் செல்லச் செல்ல வில் முறுக்கேறிக் கயிறு நீள்கிறது. நாய் நெருங்கி வர வர முறுக்கு அவிழ்ந்து கயிறு தானே உள்ளே சுற்றிக்கொள்கிறது. கைப்பிடியின் மேலுள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் உருளை நிற்கும். பூட்டைத் தள்ளினால் நின்ற இடத்திலேயே நிலைக்கும். 1908-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மேரி டெலானி என்ற பெண்மணி இப்படிச் சுருளும் நாய்க்கயிறு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்; ஆயினும் உலகெங்கும் பரவியது, ஜெர்மனியில் மான்ஃபிரெட் போக்டான் 1973-இல் தொடங்கிய ஃபிளெக்ஸி நிறுவனத்தின் கயிறுகளுக்குப் பின்னர்தான்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்துதல் அவசியம். வில்லின் வேலை கயிற்றைச் சுற்றுவது மட்டுமே. நாயைப் பிடித்து நிறுத்துவது வில் அன்று, உங்கள் கட்டைவிரல். அந்த விரல் விழித்திருக்கும்வரை இது கயிறு. விரல் உறங்கிவிட்டால், நாய்க்கும் உங்களுக்கும் இடையே இருப்பது வெறும் நூல்.

பிரயோஜனங்கள்

சாதாரண நாய்க்கயிறு ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை நீளமுள்ளது. சுருள்கயிறோ 3, 5, 8 மீட்டர் என்ற அளவுகளில் கிடைக்கிறது. நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகவே அறிமுகமாகிறது. முற்றமில்லாத அடுக்குமாடி வீட்டில் நாள்முழுதும் அடைந்துகிடக்கும் பிராணிக்கு, மாலையில் ஐந்து மீட்டர் சுற்றுவட்டத்தில் தன் இஷ்டப்படி முகர்ந்து திரியக் கிடைக்கும் கால்மணி நேரம், நம்மில் சிலருக்குப் பத்திரிகை வாசிப்பதைப் போன்ற சுகம். மெதுவாக நடக்கும் கிழநாய்க்கும், சற்று ஒதுங்கிப் போனால்தான் மலஜலம் கழிக்கும் கூச்சமுள்ள நாய்க்கும் இது உபகாரமானது. கூப்பிட்டால் வருவதற்குப் பழக்கும்போது, கட்டிவைப்பதற்கும் அவிழ்த்துவிடுவதற்கும் இடையே ஒரு படியாக இது அமைகிறது. நீண்ட சாதாரணக் கயிற்றைப் போலத் தரையில் புரண்டு சேறாவதும் இல்லை.

அபாயங்கள்

அபாயங்கள் மூவகை. முதலாவது மனிதருக்கு: விரைந்தோடும் கயிறு தோலை எரிக்கும், அறுக்கும், விரலில் சுற்றிக்கொண்டால் எலும்பை முறிக்கும், சில சமயம் விரலையே துண்டித்துவிடும். 2007-இல் அமெரிக்காவில் நாய்க்கயிறுகளால் காயமுற்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் 16,564 பேர் என்றும், அவர்களில் 23.5 சதவீதத்தினருக்கு விரற்காயங்கள் என்றும், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 10.5 சதவீதம் என்றும் அங்குள்ள நுகர்வோர் சங்கம் கணக்கிட்டது. எல்லாவகைக் கயிறுகளும் சேர்ந்த கணக்கே அது. எனினும் விரலுக்கு எமன் எது என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. மறுவருஷமே, உலோகக் கொக்கி முறிந்து முகத்தை நோக்கிப் பறந்துவரக்கூடும் என்பதற்காக, சுமார் 2,23,000 சுருள்கயிறுகள் அந்நாட்டில் திரும்பப் பெறப்பட்டன.

இரண்டாவது நாய்க்கு: 15 கிலோ எடையுள்ள நாய் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிக் கயிற்றின் எல்லையில் சடக்கென்று நிற்கும்போது, அங்கே அடங்கவேண்டிய சக்தி, 15 கிலோ அரிசி மூட்டையை ஆறடி உயரத்திலிருந்து போட்டால் தரை தாங்கும் சக்திக்குச் சமம். அவ்வளவையும் கழுத்துப்பட்டை வாங்கினால், மூச்சுக்குழலும் கழுத்தெலும்பும் என்னாவது?

மூன்றாவது வழிப்போக்கருக்கு: அந்தி மயங்கும் வேளையில், வீதியின் குறுக்கே முழங்கால் உயரத்தில் நிற்கும் மெல்லிய கயிறு, சைக்கிளில் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

முதற்படி: நாய் இதற்குத் தகுதியானதா என்று தீர்மானித்தல்

சாதாரணக் கயிற்றில் இழுக்காமல் நடக்கப் பழகிய, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் வளர்ந்த நாய்க்கே இது உரியது. வில்லின் இழுவிசை ஓயாமல் இருப்பதால், இழுத்தால்தான் கயிறு வரும் என்ற பாடத்தை இக்கருவியே நாய்க்குக் கற்பித்துவிடுகிறது. ஆகையால் பழகாத குட்டியை இதில் கட்டுவது, இழுக்கும் துர்ப்பழக்கத்தை நாமே பால்வார்த்து வளர்ப்பதாகும். பிற நாய்களைக் கண்டால் சீறுவதற்கும், வெடிச்சத்தத்துக்கு வெருண்டோடுவதற்கும் இது ஏற்றதன்று. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் வேட்டைநாய்கள் கண்ணால் கண்டதைத் துரத்தும் ஜாதி. யஜமானர் பொத்தானை நினைக்குமுன் அவை கயிற்றின் எல்லையைத் தொட்டுவிடும். அவற்றுக்குக் குட்டையான, உறுதியான நாடாக்கயிறே பொருத்தம்.

இரண்டாம் படி: தேர்ந்து வாங்குதல்

உறையில் அச்சிட்டுள்ள எடைவரம்பை முதலில் பாருங்கள். உங்கள் நாயின் எடை அவ்வரம்புக்குக் கணிசமாகக் கீழே இருக்கட்டும். மெல்லிய உருண்டைக்கயிறும் தட்டையான நாடாவும் ஆக இரு வகைகள் உண்டு. நாடா கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தோலை அறுப்பதும் குறைவு. ஆதலின் நாடாவையே வாங்குக. எட்டு மீட்டரில் ஆசை வைக்காதீர்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். பெரும்பாலோர்க்கு மூன்று மீட்டர் போதும், ஐந்து மீட்டர் தாராளம். கடையிலேயே கைப்பிடியைப் பற்றி, பிடியைத் தளர்த்தாமல் கட்டைவிரல் பொத்தானை எட்டுகிறதா என்று சோதியுங்கள்.

மூன்றாம் படி: நாயில்லாமல் அப்பியாசம்

கயிற்றின் நுனியை வீட்டார் ஒருவர் கையில் கொடுத்து நடக்கச் சொல்லி, நிறுத்துவது, பூட்டுவது, விடுவிப்பது ஆகிய மூன்றையும் கண்ணால் பாராமல் விரலே செய்யும்வரை பழகுங்கள். நாயை அருகே இழுக்கும் உபாயம் இது: பொத்தானை அழுத்தியபடி கையைப் பின்னே இழுங்கள், பிறகு பொத்தானை விட்டுக்கொண்டே கையை நாயின் பக்கம் நீட்டுங்கள், தளர்ந்த கயிறு உள்ளே சுருளும், உடனே மறுபடி அழுத்தி இழுங்கள். நாலைந்து முறையில் நாய் காலடிக்கு வந்துவிடும். அவசரத்தில் கயிற்றையே கையால் பற்றும் இயல்பான தூண்டுதலை இந்த அப்பியாசம் ஒன்றுதான் மாற்றும்.

நான்காம் படி: மார்பில் பூட்டுதல்

கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பையும் தோளையும் அணைத்து நிற்கும் ஹார்னஸில் மாட்டுங்கள். அதிர்ச்சி உடம்பு முழுதும் பரவிக் குறையும். மூச்சுக்குழல் மென்மையான பொமரேனியன், சப்பை மூக்கும் துருத்திய கண்களுமுள்ள பக் ஆகியவற்றுக்கு இது கட்டாயம். சுருக்கிறுகும் சங்கிலியோடும், முகத்தில் மாட்டும் பட்டையோடும் சுருள்கயிற்றை ஒருபோதும் இணைக்கலாகாது.

ஐந்தாம் படி: புறப்படுமுன் சோதனை

வாரம் ஒருமுறை கயிற்றை முழுநீளமும் வெளியே இழுத்து, இழை பிரிந்திருக்கிறதா, கடித்த தடம் உண்டா, கொக்கியின் வில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தினமும் பூட்டைப் போட்டு, நுனியைப் பலமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சற்றேனும் நழுவினால் அன்று அக்கயிறு வேண்டாம். கடற்கரை மணல் கூட்டுக்குள் புகுந்தால் பிரேக் கெடும். மழையில் நனைந்த நாடாவை வெளியே இழுத்து நன்றாக உலர்த்திய பின்னரே சுருளவிட வேண்டும். காலை மூடும் கால்சட்டையும் செருப்பைவிடச் சற்று உறுதியான காலணியும் நீங்கள் அணிந்துகொள்வது நல்லது; என் தழும்பே அதற்குச் சாட்சி.

ஆறாம் படி: நடக்கும்போது

வீட்டு வாசலிலிருந்து மைதானம் வரை பூட்டு போட்டே இருக்கட்டும். கயிறு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். இருசக்கர வண்டிகள் நடைபாதையிலும் ஏறிவரும் நம் தெருக்களில், இரண்டடி அதிகக் கயிறு என்பது சக்கரத்தின் அடிவரை செல்ல அனுமதிச்சீட்டு. திருப்பங்களில், தெருநாய்கள் படுத்திருக்கும் இடங்களில், குழந்தைகள் எதிர்ப்படும்போது, நாயை முழங்காலோடு ஒட்டி நிறுத்துங்கள். லிஃப்டில் நாய் முழுதும் உள்ளே வந்ததைக் கண்ணால் கண்ட பிறகே லிஃப்டின் பொத்தானை அழுத்துங்கள். நாய் வெளியிலும் நீங்கள் உள்ளேயுமாகக் கதவு மூடிக்கொண்டால் நேரக்கூடியதை எழுதவே கை கூசுகிறது.

கயிற்றின் நீளத்தைப் பற்றிப் பிற தேசங்களின் விதிகள் வெகு தெளிவு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஆறடிக்கு மேல் கயிறு கூடாது. இங்கிலாந்தில், 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுமக்கள் நடமாடத் திறந்துவிடப்பட்ட வெளிகளில், தரையில் பறவைகள் கூடுகட்டும் காலமாகிய மார்ச் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கால்நடைகளின் அருகில் எக்காலத்திலும், இரண்டு மீட்டருக்கு மிகாத, நீளம் மாறாத கயிறே செல்லும். நம் நாட்டிலோ, வளர்ப்புப் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மைதானத்தை அடைந்து, நாற்புறமும் பார்வைக்கு எட்டியவரை வெளி என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பின் பூட்டை விடுவியுங்கள். அப்போதும் கண் நாயின்மீதும் விரல் பொத்தான்மீதும் இருக்கவேண்டும். கைபேசி சட்டைப்பையில் இருக்கவேண்டும். நாய் ஓடத் தொடங்கிய கணத்தில், கயிறு தீருமுன், நீங்களும் இரண்டடி அதே திசையில் நடந்தபடி மெல்ல நிறுத்துங்கள். கைப்பிடியைக் குழந்தைகளிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: கைதவறினால்

கைப்பிடி நழுவி விழுந்தால், பிளாஸ்டிக் கூடு தடதடவென்று நாயைத் துரத்திக்கொண்டு போகும். நாய் ஓட ஓடப் பேயும் பின்னே ஓடும். இதற்கு முன்ஜாக்கிரதையாக, வீட்டுக்குள் கைப்பிடியைத் தரையில் மெல்ல இழுத்துக் காட்டி, தின்பண்டம் கொடுத்து, அவ்வோசையைப் பழக்கப்படுத்திவையுங்கள். தவறிப்போனால் கத்திக்கொண்டு பின்தொடராமல், குந்தி அமர்ந்து சாந்தமான குரலில் அழையுங்கள். கயிறு காலில் சுற்றிக்கொண்டால் கையால் பிரிக்க முயலாமல் பிரேக்கை விடுவித்துத் தளர்வு கொடுத்து, சுற்றிலிருந்து கால் எடுத்து வெளியே வாருங்கள். கொக்கியைக் கழற்றும்போது முதலில் பூட்டைப் போட்டு, கழற்றியபின் பூட்டை விடுவித்து, நுனியைக் கையில் பிடித்தபடியே உள்ளே விடுங்கள். விட்டெறிந்தால் கொக்கி சாட்டைபோல் கண்ணை நோக்கி வரும்.

உராய்ந்த எரிகாயத்தைக் குளிர்ந்த குழாய்நீரில் இருபது நிமிஷம் காட்டிச் சுத்தமான துணியால் மூடுக. விரல் நசுங்கினால், வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுக. துண்டுபட்டால், துண்டை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடனே மருத்துவமனைக்கு விரைக. துண்டின்மேல் பனிக்கட்டி நேராகப் படலாகாது. கடுமையான இழுப்புக்குப் பின் நாய் இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

அடுத்த வீட்டு நண்பரும் இப்போது நாடாவாலான சுருள்கயிற்றுக்கு மாறிவிட்டார். மைதானத்தின் விளிம்பில் யாராவது தலைகாட்டினால் ‘டக்’கென்று பூட்டு விழும் ஓசை கேட்கிறது, நாய் அதைக் கேட்டதுமே நின்று திரும்பிப் பார்க்கிறது, நண்பரும் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு நாயைப் பார்க்கிறார். எங்கள் ஊர்க்கதைகள் பலவும் இதனால் பாதியில் நிற்கின்றன. அதில் எனக்கு மனக்குறை இல்லை.