எந்த எண்ணெயை ஊற்றுவது?

நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் வேற்றுமை அறியாதவர் நம் வீடுகளில் இல்லை. ஆனால் காருக்கு ஊற்றும் எண்ணெய் என்று வந்துவிட்டாலோ, மெக்கானிக் சொன்னதே வேதம் என்று இருந்துவிடுகிறோம். சென்ற ஆண்டு எங்கள் வாடகைக் கார் கொல்லிமலைப் பாதையில் நின்றுபோகும் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் தந்தையார் அந்தக் காரை ஓட்டித்தான் எங்களைப் படிக்க வைக்கிறார். பழைய பெட்ரோல் வண்டி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனையோ முறை ஏறி இறங்கியது. அன்று பாதி வழியில் எண்ணெய் அழுத்த விளக்கு சிவப்பாக எரிந்தது. சற்று நேரத்தில் என்ஜின் இறுகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் எண்ணெய்த் தொட்டி நிறையத் தார் போன்ற கசடு! பம்பின் சல்லடை அடைபட்டு எண்ணெய் மேலே ஏறவே இல்லை. ஒரு பட்டறையில் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றிய, பெயரில்லாத எண்ணெய் அது. அதை மாற்ற வேண்டிய காலத்தைத் தள்ளிப்போட்டது எங்கள் பிழை. அக்காவின் திருமணத்திற்கென்று சேர்த்த பணம் என்ஜினுக்குப் போயிற்று.

வண்டி வீடு திரும்பிய அன்று தந்தையார் என்னிடம், "நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற சாமி? இனி என்ன ஆயில் ஊத்தலாம், பார்த்துச் சொல்லு" என்றார்.

கடையில் மூன்று வகை வைத்திருந்தார்கள்: மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக். எந்த டின்னிலும் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய்தான். மீதி தேய்மானத்தைத் தடுக்கவும் கசடைக் கரைத்து வைத்திருக்கவும் சேர்க்கும் வேதிப் பொருள்கள். ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்துள்ளது. முதல் இரண்டும் மினரல். மூன்றாவது, கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் கொண்டு உடைத்துத் திருத்தியது. நான்காவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின். சிறு மூலக்கூறுகளைக் கோத்து உருவாக்குவது. எஸ்டர் முதலிய பிற யாவும் ஐந்தாவது. மூன்றாம் தொகுதியைச் 'செயற்கை' என விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் இரு பெரும் நிறுவனங்கள் வாதாடின. செய்யலாம் என்று அங்குள்ள விளம்பரத் துறையின் தீர்வுக் குழு 1999இல் சொல்லிவிட்டது.

மினரலோடு இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கலந்தால் செமி சிந்தெடிக். எத்தனை விழுக்காடு கலந்தார்கள் என்று டின்னில் தேடினேன், இல்லை. அதற்கு ஏ.பி.ஐ. அளவு எதுவும் வகுக்கவுமில்லை. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் பயனில்லை என்று எனக்குப் பட்டது.

எங்கள் ஆய்வகத்தில் ரெட்வுட் பாகுமானி உண்டு. 50 மி.லி. எண்ணெய் அடித்துளை வழியே வடிய எத்தனை வினாடி ஆகிறது என்று காட்டும் கருவி. பேராசிரியரின் அனுமதியோடு 20டபிள்யூ-40 மினரலையும் 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக்கையும் அதில் ஊற்றினேன். அறை வெப்பத்தில் செமி முன்னதாகவே வடிந்துவிட்டது. மினரலோ காத்திருக்க வைத்தது. நீர்த்தொட்டியைச் சூடேற்ற ஏற்ற இரண்டும் நெருங்கி வந்தன. காரணம் எளிது. 40 என்பது சூட்டு நிலைக்கான எண். 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். 10டபிள்யூவைக் கழித்தல் 25 டிகிரியிலும், 20டபிள்யூவைக் கழித்தல் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள்.

நாமக்கல் பக்கம் அப்படியொரு குளிர் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமே. ஆயினும் காலையில் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் மேலே போய்ச் சேரும் வரை உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. இளகிய எண்ணெய் விரைந்து சேரும். மலையேற்றத்தின் சூட்டிற்கோ வேறொரு சோதனை உண்டு. 150 டிகிரியில் விரைவாக உரசவிட்டு அளப்பது. அதில் 30க்குக் குறைந்த அளவு 2.9, 10டபிள்யூ-40க்கு 3.5. எங்கள் வண்டிக் கையேடு இரண்டையும் அனுமதித்திருந்ததால் மலைக்கென்று 40ஐத் தேர்ந்தேன்.

டின்னில் ஏ.பி.ஐ. எழுத்தையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு எஸ் வரிசை, எஸ்.பி. 2020இலும் எஸ்.க்யூ. 2025இலும் வந்தன. டீசலுக்கு சி வரிசை. புகைத்துகள் வடிகட்டி பூட்டிய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். கையேடு ஃபுல் சிந்தெடிக் கேட்டால், சிக்கனம் என்று செமிக்கு இறங்கக் கூடாது. 0டபிள்யூ-20 கேட்கும் புதுக் காருக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவோரும் இருக்கிறார்களாம். கெட்டியானால் வலிமை என்ற நினைப்பு!

எங்கள் பழைய என்ஜினுக்கு ஃபுல் சிந்தெடிக் கட்டாயமில்லை; மினரலோ மலைச்சூட்டில் விரைவில் கெடும். எனவே, கையேடு சொன்ன எழுத்துக்குக் குறையாத செமி சிந்தெடிக் என்றேன். "சரி, ஊத்து" என்றார் தந்தையார். காலி டின் போலி வியாபாரிகள் கைக்குப் போகாதபடி அதைக் கத்தியால் கிழித்துப் போட்டார். ஊற்றிய நாளையும் கிலோமீட்டரையும் கையேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறார். கசடு கண்ட என்ஜின் என்பதால், கையேடு சொன்ன தூரத்திற்கு முன்பே அடுத்த மாற்றம்.