ஆடி மழைக்கு ஒரு கஞ்சி, ஒரு குழம்பு

'கொச்சியில் ஏது குளிர்?' என்று வடக்கே இருக்கும் நம் சகோதரிகள் சிரிக்கக்கூடும். டெல்லிக் குளிர் இங்கே இல்லைதான். ஆனால் ஆடி மாதம் மட்டாஞ்சேரியில் வந்து பாருங்கள். நாள்கணக்கில் விடாத மழை, காயாத துணி, ஈரச் சுவர். உடம்பு வெடவெடத்துப் போகும். மலையாளிகளுக்கு இது கர்க்கடக மாதம். மருந்துக் கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றும் காலம்.

அப்படியோர் ஆடியில், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்குக் காய்ச்சல். அது விட்ட பிறகும் வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஐந்து நாளாக இரண்டு வாய் ரசஞ்சாதம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். 'என்னை ஊருக்கு அனுப்பிவிடு' என்று அழுதபோது பயந்துபோனேன். அன்று பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு தூக்கில் பொடியரிக் கஞ்சி கொண்டுவந்தார். சிவப்பரிசியைக் கண்டாலே முகம் சுளிக்கும் அம்மா, வந்தவர் மனம் நோகக்கூடாதே என்று ஒரு கரண்டி குடித்தாள். பிறகு தூக்கையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பொடியரி என்பது நம் நொய்தான். மட்டையரிசி நொய் அரை ஆழாக்குக்கு ஐந்து ஆழாக்குத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவிடுங்கள். அவசரப்படக் கூடாது. உப்புப் போட்டு, இறக்கியபின் அரை ஆழாக்குத் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். தொட்டுக்கொள்ளப் பச்சைப்பயறு: வெறும் சட்டியில் வறுத்து, உதிராக வேகவைத்து, நசுக்கிய சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டவும். நோயாளிக்கு நீரும் உப்பும் கஞ்சியில் கிடைத்துவிடும், புரதம் பயற்றில்.

மறுநாள் அம்மா, 'தூக்கை வெறுமனே அனுப்பாதே' என்றாள். படுத்தபடியே பக்குவம் சொன்னாள். நான் மிளகு குழம்பு வைத்தேன். நல்லெண்ணெயில் இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, இரண்டு வற்றல், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை வறுத்து அரைத்து, எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவைத்தால் சரி. சுட்ட அப்பளம் போதும்.

மிளகுக்கு நான் தூரம் போகவேண்டியதில்லை. 1568இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தை ஒட்டிய தெருவிலேயே மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும். மிளகு 'சூடு' என்கிறோமே, அது உடம்பின் வெப்பம் ஏறுவதால் அல்ல. அதிலுள்ள பைப்பரின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் அப்படித் தோன்றுகிறது. சுக்கு பச்சை இஞ்சியைவிடக் காரமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. காயும்போது இஞ்சியிலுள்ள ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீரை இழந்து, அதைவிடக் காரமான ஷோகால் ஆகிறது. (ஜப்பானியர் இஞ்சியை 'ஷோகா' என்பர், பெயர் அங்கிருந்து வந்தது.) ஆகவே சுக்குக் காப்பிக்குப் பச்சை இஞ்சியைப் போட்டுவிட்டு, எடுபடவில்லையே என்று குறைப்படாதீர்கள்!

மார்கழித் திருவாதிரைக்கு நம் வீட்டில் களியும் கூட்டும். அதே நாளில் சேச்சி வீட்டில் காச்சில், சேனை, சேம்பு, கூர்க்கை, நேந்திரங்காய், பயறு சேர்ந்த புழுக்கு. கிழங்குகளை ஒரே அளவாக நறுக்கி வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்ப்பார்கள். அம்மா இப்போது ஊரில் இருக்கிறாள். போன மார்கழியில் தொலைபேசியில் கேட்டாள்: 'அந்தச் சேச்சி புழுக்குக்கு ஜீரகம் போடுவாளா?' போடுவார், கொஞ்சமாக.