கழிவிலிருந்து ஓர் அரியணை

இறைவனுக்கு அர்ப்பணிக்கப்படும் பொருள் எத்தகையதாக இருக்க வேண்டும்? விலையுயர்ந்ததாகவா, அழகியதாகவா? பத்திரம், புஷ்பம், பழம், நீர் ஆகிய எளிய பொருள்களே போதும் என்று நம் சாத்திரங்கள் கூறுகின்றன. ஆனால் பிறர் வேண்டாமென்று எறிந்த பொருளையும் அர்ப்பணமாக்க இயலுமா? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டின் தலைநகரில் வாழ்ந்த ஓர் எளிய மனிதரின் வாழ்க்கை விடை தருகிறது.

ஜேம்ஸ் ஹாம்ப்டன் 1909-ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணிபுரிந்து திரும்பிய பின், வாஷிங்டன் நகரில் அரசு அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் பணியில் அமர்ந்தார். இரவுப் பணி முடிந்ததும், தாம் 1950-இல் வாடகைக்கு எடுத்திருந்த பழைய வண்டிக் கொட்டகைக்குச் செல்வார். அங்கே பல மணி நேரம் தனிமையில் உழைப்பார். பழைய பொருள் விற்கும் கடைகளில் வாங்கிய உடைந்த மேசை நாற்காலிகள், அட்டைகள், எரிந்துபோன மின்விளக்குகள், கண்ணாடிக் குடுவைகள் ஆகியவை அவருக்கு மூலப்பொருள்கள். மது பாட்டில்களிலும் சிகரெட் பெட்டிகளிலும் இருந்த பளபளக்கும் உலோகத்தாள்களைச் சேகரித்து, அவற்றின் மீது பொன்னிறமும் வெள்ளி நிறமுமாகப் போர்த்தினார்.

இவ்வாறு பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 180 உறுப்புகள் கொண்ட ஒரு வழிபாட்டு மண்டபம் உருவாயிற்று. அதன் நடுவே ஓர் அரியணை. பழைய சாய்வு நாற்காலி ஒன்றே அதன் அடிப்படை. இயேசு பிரான் மீண்டும் வரும்போது அமர்வதற்கென அதனை அவர் சமைத்தார். அரியணையின் உச்சியில் ‘அஞ்சாதே’ என்னும் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பொறித்தார். அபயம் அளிப்பதே இறைவனின் முதல் அருள் என்பதை நம் கோயில் திருவுருவங்களின் அபய முத்திரையும் உணர்த்துகிறதல்லவா?

1964 நவம்பரில் ஹாம்ப்டன் காலமானார். அதுவரை அவருடைய படைப்பைப் பார்த்தவர்கள் வெகு சிலரே. பின்னர் கொட்டகை திறக்கப்பட்டபோதுதான் உலகம் அதனை அறிந்தது. 1970-இல் அது இன்றைய ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தமக்கு இறைக்காட்சிகள் கிடைத்ததாக அவர் குறித்து வைத்திருந்தார். இவையெல்லாம் தனிமையில் வாடிய ஒருவரின் மனமயக்கமாக இருக்கலாகாதா? பிறருடைய அகக்காட்சிகளை அளந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் அக்காட்சி அவரை எவ்வாறு வாழச் செய்தது என்பதை நாம் காணலாம். அவர் தமது கடமையை விட்டுவிடவில்லை. பகட்டையும் பொருளையும் நாடவில்லை. துடைப்பம் ஏந்திய அதே கைகளால் இரவுதோறும் அரியணையை அமைத்தார். தன்னொழுங்கும் பொறுமையும் அந்த உழைப்பில் தெளிவாகப் புலப்படுகின்றன. ராமபிரானின் வருகைக்காக நாள்தோறும் வழியைத் தூய்மைசெய்து காத்திருந்த சபரியின் மனநிலை இதுவே.

தத்துவ நோக்கில் இதனுள் மற்றொரு பாடமும் உண்டு. நாற்காலி நாற்காலியாகவே இருந்தது. தாள் தாளாகவே இருந்தது. மாறியது அப்பொருள்களுடன் அவர் கொண்ட உறவு. ‘எனக்குப் பயன்படுமா?’ என்று கேட்கும் மனம் ஒரு பொருளைக் குப்பை என்று ஒதுக்குகிறது. ‘அவனுக்கு உரியது’ என்று காணும் மனமோ அதே பொருளைப் பூஜைத் திரவியமாக ஏற்கிறது. குயவன் பிசையும் களிமண் திருவுருவமாவதும் இந்தப் பாவனையினால்தான்.

பொருள்களுக்குப் பொருந்துவது மனத்திற்கும் பொருந்தும். நிறைவேறாத ஆசைகள், தோல்விகள், பிறரால் புறக்கணிக்கப்பட்ட வேதனைகள் எனப் பயனற்றவை பல நம் உள்ளத்தின் மூலையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை மறைக்கவோ வெறுக்கவோ வேண்டியதில்லை. நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கி, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இறைவன் திருவடியில் வைக்கப் பழகுவோம். யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வேண்டாம். என்று நிறைவுறும் என்ற கவலையும் வேண்டாம். இருக்கையை ஆயத்தம் செய்வது சாதகனின் கடமை. வந்து அமர்வது அவன் திருவுளம்.