மணமற்ற நஞ்சும் அதனை அறிவிக்கும் மணியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர்களில் தேங்காய்ச் சிரட்டையும் தொண்டும் ஓலையும் நெடுங்காலமாக அடுப்பெரிக்கப் பயன்பட்டு வருவன. புகையும் அடுப்பினிடம் மக்கள் எச்சரிக்கையாகவே இருப்பர். கண் எரியும்; இருமல் வரும்; கதவு திறக்கப்படும். ஆனால் புகை அடங்கிச் செந்தழலாகக் கனன்று நிற்கும் சிரட்டைக் கரியைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. மழைக்கால இரவில் குளிரைப் போக்கவோ ஈரத்துணியை உலர்த்தவோ அந்தக் கனல்சட்டியை உறங்கும் அறைக்குள் கொண்டு வந்தால் ஆபத்து தொடங்குகிறது. ஓலைக்கூரையிலும் ஓட்டுக்கூரையிலும் இருந்த இடுக்குகள் கான்கிரீட் வீட்டில் இல்லை. கொசுவுக்கு அஞ்சிச் சன்னலும் அடைக்கப்பட்டு விடுகிறது.

கரி எரியப் போதிய பிராணவாயு கிடைக்காவிடின் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு மிகுதியாக உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக இவ்வாயுவைப் பற்றிக் கொள்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை முதற் குறிகள். உறங்குபவர் இவற்றை உணருமுன்னரே மயங்கி விடக்கூடும்.

அண்மை ஆண்டுகளில் இவ்வாயுவோடு தொடர்புபடுத்தப்பட்ட இரு நிகழ்ச்சிகள் கேரளத்தை உலுக்கின. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னுமிடத்தில் விடுதி அறையொன்றில் உறங்கிய கேரளத்தவர் எண்மர் இறந்தனர். அவருள் நால்வர் குழந்தைகள். அறையிலிருந்த வாயுச் சூடேற்றியே காரணமெனக் கருதப்பட்டது. 2024 டிசம்பரில் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். மின்னாக்கியின் கழிவு வாயு வண்டிக்குள் புகுந்ததைக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்களின் சோதனை காட்டியது. மின்வெட்டு நேரங்களில் வீட்டுத் திண்ணையில் மின்னாக்கியை இயக்குவோர் இதனைக் கருத வேண்டும்.

இந்த வாயுவை நம் மூக்கு அறியாதாகையால் கருவி தேவைப்படுகிறது. வீட்டுக்கான கருவிகள் பலவற்றுள் சிறு மின்வேதிக் கலமொன்று உண்டு. உள்ளே புகும் வாயு, மின்வாயில் வினைபுரிந்து மெல்லிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. வாயு மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். கருவி அளவை மட்டுமன்றிக் காலத்தையும் கணக்கிடுகிறது. ஐரோப்பியத் தரவிதிப்படி, பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்திற்குள்ளும் மணி ஒலிக்க வேண்டும். ஆகவே சற்றே புகைந்தவுடன் மணி ஒலிக்கவில்லை என்பதால் கருவி பழுதென்று முடிவு செய்தல் தவறு. சமையல் வாயுக் கசிவை அறிவிக்கும் கருவி இதனின் வேறானது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

பராமரிப்பில் பலரும் தவறுமிடம் ஒன்றுண்டு. சோதனைப் பொத்தானை அழுத்தினால் மணி ஒலிக்கும். அது மின்கலமும் மின்சுற்றும் மணியும் இயங்குவதையே காட்டும். வாயுவை உணரும் கலம் நலமாயுள்ளதா என்பதைப் பெரும்பாலான கருவிகளில் காட்டாது. அக்கலம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்வது. 5 முதல் 10 ஆண்டுகளுக்குள், கருவியின் மேல் அச்சிட்ட காலம் முடிந்ததும், மணி நன்றாக ஒலித்தாலும் கருவியையே மாற்ற வேண்டும். பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துக. சிலந்தி வலையையும் தூசியையும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எரிசாராயம், பூச்சிமருந்து, வண்ணப்பூச்சு ஆகியவற்றின் ஆவி கலத்தைக் கெடுக்கலாம். இடைவிட்டு வரும் ஒற்றைக் கீச்சொலி பொதுவாக மின்கலம் தளர்ந்ததையோ ஆயுள் முடிந்ததையோ குறிக்கும். வாயு இருப்பின் ஒலி விடாது திரும்பத் திரும்ப வரும்.

கார்பன் மோனாக்ஸைடு காற்றைவிடச் சிறிதே இலேசானது. அறை முழுதும் கலந்து விடுவது. ஆதலால் உறங்குமிடத்தில், உறங்குவோர் செவியில் ஒலி விழுமாறு கருவியைப் பொருத்துவதே முதன்மை. அடுப்புக்கு நேர் மேலும், நீராவி சூழும் குளியலறையிலும் வேண்டா.

மணி ஒலித்தால் காரணம் தேடி உள்ளே நிற்கலாகாது. அனைவரும் வெளியேறிய பின் 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் பிராணவாயு அளவியை இங்கு நம்பலாகாது. நஞ்சேறிய ஹீமோகுளோபினையும் அது பிராணவாயு ஏற்றதாகவே எண்ணி, இயல்பான எண்ணைக் காட்டிவிடும். மூடிய அறையில் கரி எரிந்தது என்று மருத்துவரிடம் சொன்னால், அவர் இரத்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்து, உடனே பிராணவாயு அளிக்கத் தொடங்குவார்.