கொசத்தலை ஆற்றுக் கல்லும் பத்தாம் வகுப்புப் பாடமும்

ஆவடியில் ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு மாணவியரை எண்ணிப் பாருங்கள். இருவரும் 2023-24ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு படித்தவர்கள். ஒருத்தி நம்மைப் போல் மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்றாள். மற்றவளுடைய தந்தை பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர். அவள் கேந்திரிய வித்யாலயாவுக்குப் போனாள். முதல் மாணவியின் அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு முழுப் பாடம் இருந்தது. இரண்டாமவளின் நூலில் முன்பு 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் அந்த ஆண்டுப் பதிப்பில் 'மரபு' என்று சுருங்கிவிட்டது. டார்வினும் போனார், புதைபடிவங்களும் போயின, மனிதனின் தோற்றத்தைப் பற்றிய பகுதியும் போயிற்று.

ஒரே தெரு, ஒரே வயது, ஒரே குழாய்த் தண்ணீர். ஆனால் மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்விக்கு ஒருத்திக்குப் பாடம் உண்டு, இன்னொருத்திக்கு இல்லை. இது எப்படி நேர்ந்தது என்பதை மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது.

2018ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் நகரில் பேசும்போது, டார்வின் கொள்கை விஞ்ஞான ரீதியில் தவறானது என்றார். குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் யாரும் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை. ஆகவே பள்ளி, கல்லூரிப் பாடங்களை மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் ஒன்றுகூடி மறுப்பு அறிக்கை வெளியிட்டன. மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரும், இத்தகைய பேச்சைத் தவிர்க்கும்படி தம் இணை அமைச்சருக்கு அறிவுறுத்தியதாகச் சொன்னார். அத்துடன் பேச்சு அடங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர், டார்வினைவிடத் தசாவதாரமே பரிணாமத்தை நன்கு விளக்குகிறது என்று பேசினார்.

அதன்பின் பெருந்தொற்று வந்தது. மாணவரின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று கூறி என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் பல பாடப் பகுதிகளை நீக்கியது. தொற்று தணிந்த பிறகும், 2023இல் அச்சான நூலில் பரிணாமப் பகுதி திரும்பி வரவில்லை. அந்த ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைத் திரும்பச் சேர்க்குமாறு பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் பதில். பதில் உண்மைதான். ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு விடை கொடுத்துவிட்டு வணிகவியலுக்கும் கணினிக்கும் போகும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தால் என்ன பயன்?

நீக்கப்பட்டவற்றுள் என்னை மிகவும் வருந்தச் செய்தது ஒரு சிறு பகுதி. பரிணாமம் என்பதை முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே அதன் தலைப்பு. இன்றைய குரங்கு மனிதனின் பாட்டன் அல்ல. மனிதனுக்கும் மனிதக் குரங்குக்கும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது. அங்கிருந்து கிளைகள் பிரிந்தன. ஒரு கிளை உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்ற கணக்கு அதில் இல்லை. இதுதான் அப்பகுதியின் சாரம். குரங்கு மனிதனாக மாறியதை யார் பார்த்தார் என்ற கேள்விக்கு விடையே இதில்தான் இருந்தது. கேள்வி மேடையில் நின்றது, விடை நூலிலிருந்து போயிற்று.

மீந்திருக்கும் 'மரபு' பாடத்தில் பட்டாணிச் செடி வளர்த்த மெண்டல் இருக்கிறார். அவர் புனித அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவானவர் என்பதை நம் மாணவியர் மறக்க மாட்டார்கள். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு போகின்றன என்பது டார்வினுக்குக் கடைசிவரை விளங்காத புதிர். அதன் விடையை 1866இல் அச்சிட்டவர் மெண்டல். இருவரையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை பெறும்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கொசத்தலை ஆறு கேசாவரம் அணைக்கட்டில் பிரிகிறது. ஒரு கிளை கூவம் என்ற பெயரில் நம் பருத்திப்பட்டின் ஓரமாய்ச் சென்னைக்குப் போகிறது. மூல ஆறோ பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய், எண்ணூரில் கடலில் கலக்கிறது. அந்தப் பூண்டிப் பக்கத்தில், நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அத்திரம்பாக்கம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பரிணாமத்தைப் பற்றி டில்லியிலும் அமெரிக்காவிலும் நடக்கும் சண்டைகளைப் படிக்கும் நாம், அதற்கான சான்று நம் ஆற்றங்கரையிலேயே கிடக்கிறது என்பதை அறியாமல் இருக்கிறோம்.

1863 மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இளைஞர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். டார்வினுடைய நூல் வெளிவந்து அப்போது நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. பிரான்சு நாட்டு ஆற்றுப் படுகைகளில் கிடைத்த கற்கோடரிகளைப் பற்றிப் படித்திருந்ததால், கையிலிருப்பது வெறுங்கல் அன்று என்று அவர் உடனே உணர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் அதே வகைக் கற்களைக் கண்டனர். (இந்த ஃபுட், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்ட பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன். பாதிரியார் வீட்டு மாப்பிள்ளைதான் நம் நாட்டின் கற்கால ஆராய்ச்சிக்கு முதற்கல் நாட்டினார்!)

கல் பழையது என்று தெரிந்தது; எவ்வளவு பழையது என்று சொல்ல அன்று வழியில்லை. 1999 முதல் சாந்தி பப்பு என்ற பெண் தொல்லியலறிஞரும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் முறைப்படி அகழ்ந்தனர். பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளும் துணைக்கு வந்தனர். அவர்கள் வயதைக் கண்ட வழியைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். வெட்டவெளியில் கிடக்கும் கல்லின்மேல் விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் படுகின்றன. அதனால் கல்லிலுள்ள குவார்ட்சுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு கதிரியக்க அணுக்கள் மிகமிகச் சிறு அளவில் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. புதிதாய் அணுக்கள் உண்டாவதும் நின்றுவிடும். உள்ளே இருப்பவை சிதைய மட்டும் செய்யும். அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியத்துக்கு அதைப் போல் இரு மடங்கு காலம் வேண்டும். ஒரே நேரத்தில் ஏற்றிய இரண்டு மெழுகுவர்த்திகள், ஒன்று வேகமாயும் மற்றொன்று மெதுவாயும் எரிந்தால், மீதி உயரங்களைப் பார்த்து ஏற்றிய நேரத்தைக் கணக்கிடலாம் அல்லவா? அதைப் போலத்தான். மண்ணடுக்கில் பதிந்துள்ள பூமியின் பழங்காலக் காந்தத் திசையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. கற்கோடரிகளின் வயது சராசரி 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

அதே இடத்தின் மேலடுக்குகளில், வேறு நுட்பத்தில் செய்த சிறு கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 'நேச்சர்' இதழ் அறிவித்தது. எப்போது தெரியுமா? 2018 ஜனவரி 31. அமைச்சர் பேசிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

நம்மை ஒத்த மனிதரின் எலும்புகளில் மிகப் பழையவை, மொராக்கோ நாட்டில் கிடைத்தவை, ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுக்கு உட்பட்டவை. அப்படியானால் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கொசத்தலைக் கரையில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியவர் யார்? நம்மைப் போன்ற மனிதர் அல்லர். நமக்கு முந்திய ஒரு மனித இனம். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும் மட்டும் கிடைத்தன. ஆகையால் அவர்களின் முகத்தை நாம் அறியோம். கைவேலையை மட்டும் அறிவோம்.

இங்கேதான் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவி எழுந்து கேட்பாள்: "டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் ஆதாம் ஏவாள் என்கிறார்கள். திங்கட்கிழமை நீங்கள் இப்படிச் சொல்கிறீர்கள். எதை நம்புவது?" நல்ல கேள்வி. மழுப்பாமல் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

திருச்சபை பரிணாமத்தைப் பகையாகக் கருதவில்லை. புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே தொடக்க நூலுக்கு விளக்கம் எழுதும்போது ஒன்றைக் கண்டித்தார். வானையும் பூமியையும் பற்றி எதுவும் கல்லாத கிறிஸ்தவர்கள், மறைநூலை மேற்கோள் காட்டி அபத்தம் பேசினால், கேட்பவர் மறைநூலையே எள்ளி நகையாடுவர் என்றார். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம வழியில் ஆராயத் தடையில்லை என்று சுற்றுமடல் எழுதினார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பரிணாமம் இனி வெறும் ஊகம் அன்று என்று அறிவித்தார். 2014இல் திருத்தந்தை பிரான்சிசும் படைப்புக்கும் பரிணாமத்துக்கும் முரணில்லை என்றார்.

ஆனால் எல்லைக்கோடு ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மனித ஆன்மா இறைவனால் நேரடியாய்ப் படைக்கப்படுவது என்பதில் திருச்சபை அசையவில்லை. மனத்தையும் மனச்சான்றையும் வெறும் சடப்பொருளின் விளைவாகச் சொல்லும் கொள்கைகளை இரண்டாம் அருள் சின்னப்பர் அதே 1996 உரையில் மறுத்தார். திருச்சபையின் தயக்கத்துக்கும் சான்று உண்டு. புதைபடிவ ஆராய்ச்சியில் சிறந்து விளங்கிய சேசு சபைக் குரு தெயார் தெ சார்தன், பரிணாமத்தையும் இறையியலையும் இணைத்து எழுதிய முக்கிய நூலைத் தம் வாழ்நாளில் வெளியிட அனுமதி பெறவில்லை. 1955இல் அவர் இறந்த பிறகே அது அச்சேறியது. ஆகவே மாணவிக்கு என் விடை இதுதான்: அத்திரம்பாக்கத்துக் கல்லின் வயதைத் தொடக்க நூலில் தேடாதே; மனிதன் எதற்காக வாழ வேண்டும் என்பதைக் கல்லிடம் கேட்காதே.

இந்தச் சண்டை முதலில் பெரிதாய் வெடித்தது அமெரிக்காவில். 1925 ஜூலையில், டென்னசி மாநிலத்து டேட்டன் நகரில், ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் பரிணாமம் கற்பித்ததற்காக வழக்கை எதிர்கொண்டு, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். அவரை எதிர்த்து வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை மூடர் என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் ஏழை உழவருக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்தவர். வலியவன் வாழ்வான் என்ற பேச்சு எளியவரை நசுக்கும் சாக்காகிவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் பொய்யன்று. ஸ்கோப்ஸ் பயன்படுத்திய அதே பாடநூலில் மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்திருந்தார்கள். "தாழ்ந்த" குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். இத்தகைய எண்ணத்தைத் திருச்சபை 1930இல் சுற்றுமடல் மூலம் கண்டித்தது.

நம் சென்னையும் விலக்கன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். மூக்கின் அகலத்தில் மனிதரின் தரம் தெரியும் என்று அக்காலத்து அதிகாரிகள் நம்பினர். ஃபுட் திரட்டிய கற்களை அந்த அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியதும் தர்ஸ்டன் காலத்தில்தான். ஒரே கட்டடத்தில் உண்மையான சான்றும் இருந்தது, அதன் பெயரால் நடந்த அநியாயமும் இருந்தது. பரிணாமம் ஏணி அன்று, கிளைவிடும் மரம் என்று சொன்ன அந்தச் சிறு பகுதி ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். மூக்கை அளந்தவருக்கும் அதுவே மறுப்பு.

பெற்றோருக்காக இன்னொரு வழக்கு. 2004இல் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் நகரப் பள்ளிக் குழு, டார்வின் கொள்கையில் ஓட்டைகள் உள்ளன, வேறொரு விளக்கமும் உண்டு என்ற அறிக்கையை அறிவியல் வகுப்பில் வாசிக்க ஆணையிட்டது. பதினொரு பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் தரப்பில் முதலில் சாட்சி சொன்னவர் கென்னத் மில்லர், கத்தோலிக்க விசுவாசியான உயிரியல் பேராசிரியர். 2005 டிசம்பரில் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே, நவம்பர் தேர்தலில், ஊர் மக்கள் அந்தக் குழுவினரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நம் நாட்டில் பாடநூலை அமைப்பது வாக்குச்சீட்டுக்கு இவ்வளவு அருகில் இல்லை. எனினும் விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தில், 1976இல் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு கூறுகிறது. கேந்திரிய வித்யாலயாவில் பயின்ற அந்தத் தெருத் தோழிக்கு நம் மாநில நூலின் பத்தொன்பதாம் பாடத்தை இரவல் கொடுக்க எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை.

பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகில் தமிழக அரசின் தொல்லியல் துறை வைத்திருக்கும் அகழ்வைப்பகத்தில் இந்தக் கற்கோடரிகளைக் காணலாம். ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. சென்றால் கண்ணாடிப் பெட்டியை அவசரமாய்க் கடந்து போகாமல் ஒரு கல்லையாவது நின்று பாருங்கள். ஒரு முனை கூராகவும் மறுமுனை உள்ளங்கைக்குள் அடங்கும்படி உருண்டும் இருக்கும். இரு பக்கமும் சில்லு சில்லாய்ப் பெயர்த்த தழும்புகள் தெரியும்.