ஈ.ஆர்.பி: சறுக்குவது எங்கே?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஈ.ஆர்.பி. மென்பொருள் கொண்டுவரப் போகிறார்கள். பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியது ஏன்?

பதில்: கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகிய துறைகளை ஒரே தரவுத்தளத்தில் இணைப்பது ஈ.ஆர்.பி. ஒரு துறையில் நேரும் பிழை மற்ற துறைகளுக்கும் உடனே பரவிவிடும். தடுமாற்றத்தின் வேர் இதுதான்.

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் இதற்குப் பேர்போன உதாரணம். சுமார் 11.2 கோடி டாலர் செலவில், எஸ்.ஏ.பி. உள்ளிட்ட மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை அது நிறுவியது. நான்கு ஆண்டு வேலை 30 மாதங்களாகச் சுருக்கப்பட்டது. 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் நேரத்தில், புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது. 2002இல் புதிய பதிப்புக்கு மாறியபோது விரிவான சோதனைகள் நடத்தப்பட்டன. பெரிய இடையூறு எழவில்லை.

இத்தகைய தடுமாற்றத்தைத் தவிர்க்க, மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒவ்வொரு துறையின் வேலைமுறையும் எழுதிவைக்கப்பட வேண்டும். அடுத்தது தரவுச் சுத்திகரிப்பு: ஒரே பொருளுக்கு இரண்டு குறியீடு, ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று பெயர் போன்றவை பழைய பதிவுகளிலேயே களையப்பட வேண்டும். பிறகு மாதிரி ஓட்டம், ஊழியர் பயிற்சி. கடைசியாக, வியாபாரம் மந்தமான மாதத்தில், ஒவ்வொரு பகுதியாக மாறுவதே பாதுகாப்பானது.